முகாமில் பிறந்து முகாமில் வளர்ந்து...

ராமேசுவரம் போகும் ரயிலில் ஏறினால், பாம்பன் பாலம் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு நிலையம் வரும். பெயர்ப் பலகையில் "மண்டபம் முகாம்" என்று எழுதியிருக்கும்.

முகாம் என்றால் என்ன? சில நாள் தங்கிவிட்டுப் போகிற இடம். பட்டாளம் போகும் வழியில் முகாம் போடும். சர்க்கஸ் கம்பெனி முகாம் போடும். வேலை முடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.

ஆனால் மண்டபத்தில் அந்தச் சொல்லே ஓர் ஊரின் பெயராக நிலைத்துவிட்டது. அங்கே குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள். வளர்ந்திருக்கிறார்கள். கலியாணம் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய குழந்தைகளும் அங்கேயே பிறந்திருக்கிறார்கள். "சொந்த ஊர் எது?" என்று கேட்டால், அவர்களுக்குச் சொல்லத் தெரிந்தது அந்த ஒரு பெயர்தான்.

மூன்று முறை திறந்த கதவு

இந்த முகாமின் கதை 1983-ம் ஆண்டில் தொடங்கியதல்ல. அதற்கு வெகு காலம் முன்பே தொடங்கியது.

வெள்ளைக்காரர் காலத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன ஏழைத் தமிழர்கள் இந்த வழியாகத்தான் போனார்கள். கப்பல் ஏறுமுன் அவர்களை மண்டபத்தில் நிறுத்தினார்கள். உடம்பைப் பரிசோதித்தார்கள். அம்மை குத்தினார்கள். நோய் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே அக்கரைக்கு அனுப்பினார்கள். 1914-ம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பலும் ஓடியது.

போனவர்கள் மலையை வெட்டித் தோட்டமாக்கினார்கள். மூன்று தலைமுறை உழைத்தார்கள். 1948-ம் ஆண்டு இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கிவிட்டது.

1964-ம் ஆண்டு அக்டோபர் மாதம் லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 9 லட்சத்து 75 ஆயிரம் பேருடைய தலைவிதி அந்தக் காகிதத்தில் எழுதப்பட்டது. 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வது. 3 லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்வது. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்வது!

அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கும் மண்டபம்தான் முதல் திண்ணை. தாத்தா கூலியாக வெளியே போன அதே கதவு வழியாகப் பேரன் உள்ளே வந்தான்.

1983-ம் ஆண்டு ஜூலை மாதம் அந்தக் கதவு மூன்றாவது முறையாகத் திறந்தது. இந்தத் தடவை வந்தவர்கள் அகதிகள்.

கடலில் ஓர் இரவு

அந்த ஜூலை மாதத்தில் கொழும்பு நகரம் எரிந்தது. தமிழர் கடைகள் எரிந்தன. வீடுகள் எரிந்தன. உயிர்கள் போயின. தப்பியவர்கள் வடக்கே ஓடினார்கள். அங்கே போர் துரத்தியது. மிச்சம் இருந்தது கடல் ஒன்றுதான்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் தூரம். மீன்பிடிப் படகில் சில மணி நேரப் பயணம். ஆனால் அது எப்படிப்பட்ட பயணம்! இருட்டில் புறப்பட வேண்டும். விளக்குக் கூடாது. குழந்தை அழக் கூடாது. நகையை விற்றுப் படகுக் கூலி கொடுக்க வேண்டும். ராமர் பாலம் என்று சொல்லப்படும் மணல் திட்டுகளில் ஒன்றில் படகுக்காரர் இறக்கிவிட்டு, "இதுதான் இந்தியா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விடுவதும் உண்டு. விடிந்த பிறகு பார்த்தால் நாலு பக்கமும் தண்ணீர்!

இது பழங்கதை அல்ல. 2022-ம் ஆண்டு இலங்கையில் பணம் செல்லாக்காசாகி, அரிசியும் பால் மாவும் கிடைக்காமல் போனபோது, மார்ச் மாதம் 22-ந் தேதி கைக்குழந்தை உள்பட 6 பேர் இப்படித்தான் ஒரு திட்டில் தவித்தார்கள். கடலோரக் காவல் படையினர் மிதவைக் கப்பலில் போய் அவர்களை மீட்டுவந்தார்கள்.

அகதிகள் நான்கு அலைகளாக வந்தார்கள். 1983 முதல் 1987 வரை ஓர் அலை. 1989-ல் தொடங்கி 1991 வரை அடுத்த அலை. 1996-க்குப் பிறகு மூன்றாவது. 2006 முதல் 2010 வரை நான்காவது. மொத்தம் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டுக் கரையில் இறங்கினார்கள். பலர் திரும்பிப் போனார்கள். சிலர் வேறு தேசங்களுக்குப் போனார்கள். மீதிப் பேர் இங்கேயே தங்கினார்கள்.

2021-ம் ஆண்டுக் கணக்குப்படி 18,944 குடும்பங்களைச் சேர்ந்த 58,822 பேர் முகாம்களில் இருந்தார்கள். போலீஸ் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வெளியே வாடகைக்குக் குடியிருந்தவர்கள் 34,087 பேர். கும்மிடிப்பூண்டி, புழல், கீழ்ப்புத்துப்பட்டு, கொட்டப்பட்டு, பவானிசாகர், திருவாதவூர் என்று நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் முகாம்கள் பரவிக் கிடக்கின்றன.

பத்தடிக்குப் பத்தடி

முதலில் வந்தவர்களைக் கிடைத்த இடத்தில் தங்கவைத்தார்கள். புயல் பாதுகாப்புக் கட்டடம், நெல் கிடங்கு, காலியாகக் கிடந்த சர்க்கார் கொட்டகை, எல்லாம் வீடுகள் ஆயின.

ஒரு பெரிய கிடங்கை மனதில் நினைத்துப் பாருங்கள். அதற்குள் பல குடும்பங்கள். நடுவில் சுவர் கிடையாது. பழைய சேலையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் அதுதான் சுவர்! இந்தப் பக்கம் ஒரு பிள்ளை பாடம் படிக்கும். அந்தப் பக்கம் ஒரு கிழவர் இருமுவார். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் அதே சேலைக்குப் பின்னால்தான் குடித்தனம் நடத்த வேண்டும். வயதுக்கு வந்த பெண் துணி மாற்ற வேண்டுமானால் விளக்கை அணைக்க வேண்டும்.

பிறகு வரிசை வீடுகள் வந்தன. வீடு என்பது பத்தடிக்குப் பத்தடி அறை. தலைக்கு மேல் தார் அட்டை. பின்னால் கல்நார் தகடு வந்தது. சித்திரை வெயிலில் உள்ளே இருக்க முடியாது. ஐப்பசி மழையில் வெளியே இருக்க முடியாது. அந்த ஓர் அறைதான் சமையலறை, அதுதான் படுக்கையறை, அதுதான் பிரசவமான பெண் குழந்தையோடு படுத்திருக்கும் அறை. பிள்ளைகள் வளர்ந்ததும் ஆண்பிள்ளைகள் வாசலில் பாய் விரித்தார்கள்.

காலை எழுந்ததும் முதல் வேலை தண்ணீர் பிடிப்பது. குழாய் ஒன்று, குடம் ஐம்பது. கழிப்பறைக்கும் வரிசை. கதவு உடைந்த கழிப்பறைகளை நம்பாமல் பெண்கள் விடிவதற்கு முன்பே காட்டுப் பக்கம் போனார்கள். பாம்புக்கும் பயம், மனிதருக்கும் பயம்.

சர்க்கார் கைவிட்டுவிடவில்லை. மாதந்தோறும் உதவிப் பணம் கொடுத்தது. கிலோ 57 காசு என்று அரிசி கொடுத்தது. பாத்திரம் பண்டம் கொடுத்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டது. அந்த அரிசியை இடித்து மாவாக்கி, புட்டும் இடியப்பமும் அவித்து, தேங்காய் இருக்கிற நாளில் சொதியும் சம்பலும் வைத்து, பெண்கள் தங்கள் ஊர் ருசியை அந்தப் பத்தடி அறைக்குள் காப்பாற்றி வைத்தார்கள்.

ஆனால் உதவிப் பணத்தில் மட்டும் குடும்பம் ஓடுமா? ஓடாது. ஆண்கள் கூலி வேலைக்குப் போனார்கள். முகாம் ஆண்களில் ஏராளமானவர்கள் கற்றுக்கொண்ட தொழில் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது. ஊரில் எழும்பும் புது வீடுகளுக்கெல்லாம் சாரம் கட்டி ஏறி வர்ணம் பூசினார்கள். கைகாலில் ஒட்டிய பெயிண்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, சாயந்தரம் வர்ணம் காணாத தங்கள் அறைக்குத் திரும்பினார்கள்.

திரும்பியே ஆகவேண்டும். ஏனென்றால் தலை எண்ணிக்கை உண்டு. அதிகாரி வந்து பெயர் கூப்பிடும் நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவேட்டில் பெயர் அடிபட்டுப் போகும். பெயர் போனால் பணம் போகும், அரிசி போகும், அகதி என்ற அந்த ஒரே அடையாளமும் போகும். வெளியூரில் ஒரு மாதம் வேலை கிடைத்தாலும் அதனால் போக யோசித்தார்கள். உறவினர் வீட்டுச் சாவுக்குப் போய்வருவதற்கும் அனுமதி கேட்டு நின்றார்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் ஓர் இரவு

1991-ம் ஆண்டு மே மாதம் 21-ந் தேதி இரவு. ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது. ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவரோடு இன்னும் பலர் மாண்டார்கள்.

விடுதலைப் புலிகள் செய்த கொலை அது. ஆனால் அதன் சுமை, புலிகளுக்கும் போருக்கும் அஞ்சித்தான் ஓடிவந்த குடும்பங்களின் தலையிலும் விழுந்தது. அதுவரை "நம் பிள்ளைகள்" என்று அணைத்துக்கொண்ட ஊர், மறுநாள் காலை சந்தேகத்தோடு பார்த்தது. இலங்கைத் தமிழ் பேசும் வாய்க்கு வாடகை வீடு கிடைக்கவில்லை. முகாமில் கெடுபிடி கூடியது. கல்லூரிக் கதவுகள் சில வருஷங்கள் முகாம் மாணவர்களுக்குச் சாத்தப்பட்டிருந்தன. 1992-ம் ஆண்டு தொடங்கி ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். போர் முடியாத நாட்டுக்குத்தான் போனார்கள்.

அன்று பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்தக் கொலையில் என்ன பங்கு? எதுவும் இல்லை. ஆனால் அந்த ஓர் இரவின் விலையை அவர்கள் பல வருஷம் கொடுத்தார்கள்.

படிப்பு உண்டு, பாஸ்போர்ட்டு இல்லை

அப்படியும் அவர்கள் படித்தார்கள்! "வீடு போனது, வயல் போனது, படிப்பை மட்டும் எவனும் பிடுங்க முடியாது" என்பது யாழ்ப்பாணத்து வீடுகளில் ஊறிய எண்ணம். ஈழத் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984-ம் ஆண்டு ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். அகதிகளே அகதிகளுக்காக நடத்திய கழகம் அது. முகாம்களில் மாலை வகுப்பு நடத்துவதும் பிள்ளைகளைக் கல்லூரி வரை கொண்டுபோவதும் அதன் முக்கிய வேலைகள்.

தெருவிளக்கின் கீழே படித்தவர்கள் இன்று பட்டதாரிகள். என்ஜினீயர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் பட்டம் வாங்கிய பிறகு என்ன?

அதே ஸ்ரீபெரும்புதூருக்கு இன்று போய்ப் பாருங்கள். ராஜீவ் காந்தி நினைவிடத்தைத் தாண்டினால் தொழிற்சாலைகள்! ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை, காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் செல்போனும் தயாராகின்றன. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டுக் கிராமத்தில் 2022-ம் ஆண்டு தொல்பொருள் துறையினர் மண்ணைத் தோண்டினார்கள். ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கல் ஆயுதங்களும், ரோமாபுரியிலிருந்து வந்த பானை ஓடுகளும் கிடைத்தன. கடல் கடந்து வந்த பானைக்கும் இந்த மண்ணில் இடம் இருந்திருக்கிறது!

இன்று அந்த வட்டாரத்துக்கு ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் இளைஞர்கள் வேலைக்கு வருகிறார்கள். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியை 2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல்-மந்திரி மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார்.

தமிழ்நாட்டிலேயே பிறந்து, தமிழிலேயே படித்து, தமிழ்நாட்டுக் கல்லூரியில் பட்டம் வாங்கிய முகாம் இளைஞன் மட்டும் பெரிய கம்பெனிகளின் வாசலில் தயங்கி நிற்கிறான். "பாஸ்போர்ட்டு இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். இல்லை. "எந்த நாட்டுப் பிரஜை?" என்று கேட்கிறார்கள். பதில் இல்லை. சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப் போடவே வழியில்லை. கடைசியில் என்ஜினீயர் பையனும் அப்பாவோடு பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறான். அவனைப் பார்க்கும் தம்பி, "நான் எதற்குப் படிக்க வேண்டும்?" என்று கேட்கிறான். முகாமைத் தின்னும் பெரிய நோய் அந்தக் கேள்விதான்.

புது வீடு வந்தது

2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 27-ந் தேதி சட்டசபையில் ஓர் அறிவிப்பு வந்தது. முகாம் மக்களுக்காக 317 கோடியே 40 லட்சம் ரூபாய் திட்டம். அதில் 7,469 பழைய வீடுகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட 231 கோடியே 54 லட்சம் ரூபாய். உதவிப் பணமும் உயர்ந்தது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000 ரூபாய், குழந்தைகளுக்கு 500 ரூபாய். இலவச எரிவாயு இணைப்பு. என்ஜினீயரிங் சேரும் மாணவர்களில் மதிப்பெண் அடிப்படையில் 50 பேருக்குக் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் சர்க்கார் பொறுப்பு.

மறுநாள் இன்னோர் அறிவிப்பு. "அகதிகள் முகாம்" என்று இனிச் சொல்ல வேண்டாம். "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று சொல்வோம்.

2023-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி வேலூர் மேல்மொணவூரில் புது வீடுகளின் திறப்பு விழா நடந்தது. அன்று மாநிலம் முழுவதிலும் 1,591 வீடுகள் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றும் சுமார் 300 சதுர அடி. காங்கிரீட் கூரை. தனிச் சமையலறை. தனிக் கழிப்பறை. நாற்பது வருஷம் சேலைச் சுவருக்குள் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு, உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொள்ளும் ஒரு கதவு என்பது எவ்வளவு பெரிய சொத்து!

ஆனாலும் அந்த வீட்டுக்குப் பட்டா கிடையாது. வீடு அவர்களுக்கு, நிலம் சர்க்காருக்கு. நாட்டின் பிரஜை அல்லாதவர் பெயரில் என்ன பட்டா கொடுப்பது?

பிறந்த தேதி செய்யும் வேலை

விஷயம் இங்கேதான் முடிச்சு விழுந்து கிடக்கிறது.

அகதிகள் பற்றிய 1951-ம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. ஆகவே பாஸ்போர்ட்டு இல்லாமல் படகில் வந்தவர், சட்டத்தின் கண்ணில் "சட்ட விரோதக் குடியேறி". அப்படிப்பட்டவர் எத்தனை வருஷம் இங்கே வாழ்ந்தாலும் பிரஜா உரிமை கேட்க முடியாது.

சரி, இங்கேயே பிறந்த பிள்ளைகள்? அதற்குச் சட்டம் மூன்று கோடுகள் போட்டிருக்கிறது. 1987-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதிக்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்திருந்தால், அப்பா அம்மா யாராக இருந்தாலும் பிள்ளை இந்தியப் பிரஜை. அதற்குப் பிறகு 2004-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி வரை பிறந்திருந்தால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதற்கும் பிறகு பிறந்திருந்தால், பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும் போதாது. மற்றவர் சட்ட விரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது.

ஒரே முகாம், ஒரே அறை. 1986-ல் பிறந்த அக்காள் இந்தியர். 1988-ல் பிறந்த தம்பி அகதி!

அந்த அக்காளுக்கும் உரிமை சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. 1986-ம் ஆண்டு மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண், பாஸ்போர்ட்டு கேட்டு ஐகோர்ட்டுப் படி ஏறினார். மதுரைக் கிளை 2022-ம் ஆண்டு அவருக்குச் சாதகமாக உத்தரவு போட்டது. பாஸ்போர்ட்டு வந்தது. பிறகு வாக்காளர் அட்டையும் வந்தது. 2024-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி அவர் பாராளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். அப்போது அவருக்கு 37 வயது முடியப்போகும் நேரம். அதுதான் அவருடைய முதல் ஓட்டு!

2019-ம் ஆண்டு குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு அது வழி திறந்தது. இலங்கையின் பெயர் அதில் இல்லை. 2025-ம் ஆண்டு செப்டம்பரில் மத்திய சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. 2015-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதிக்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாத குற்றத்துக்காகத் தண்டிக்க மாட்டோம் என்றது. ஜெயில் பயம் நீங்கியது. ஆனால் பிரஜா உரிமை அதனால் வந்துவிடவில்லை.

முகாமில் இருப்பவர்களில் கணிசமானவர்கள், ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்குப் போனவர்களின் வம்சம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. திருச்சி, ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளில் அவர்களுடைய குலதெய்வக் கோயில்கள் இருக்கின்றன. பூட்டன் பிறந்த மண்ணில் நின்றுகொண்டு, "நான் அயலான்" என்று கையெழுத்துப் போடுகிறான் கொள்ளுப்பேரன்.

அக்கரையா, இக்கரையா?

"போர்தான் 2009-ல் முடிந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். போனவர்களும் உண்டு. போக விரும்புகிறவர்களும் உண்டு. அவர்கள் போவதற்கு உதவ வேண்டியதுதான்.

ஆனால் போகும் வீட்டுக்குக் கூரை இருக்கிறதா? வயல் யார் கையில் இருக்கிறது? இங்கே பிறந்த பிள்ளைக்கு இலங்கைப் பிரஜா உரிமைக் காகிதம் இருக்கிறதா? இவற்றுக்கெல்லாம் பதில் வேண்டும். முகாம் பாட்டி "எங்கட ஊர்" என்று சொல்லும்போது அவள் கண்ணில் பனங்காடும் கிணற்றடியும் தெரியும். "எங்க ஊரு" என்று பேரன் சொல்லும்போது அவன் காட்டுவது முகாமுக்கு எதிரே இருக்கும் பள்ளிக்கூடத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும்! அவன் பார்த்தேயிராத தேசத்துக்கு அவன் எப்படித் "திரும்பி"ப் போவான்?

பாட்டிக்குப் போக ஆசை இருந்தால் போகட்டும். பேரனுக்கு இருக்க ஆசை இருந்தால் இருக்கட்டும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அவர்கள் உரிமை. அந்த உரிமைக்குக் கையில் ஒரு காகிதம் வேண்டும். அக்கரைக் காகிதமோ, இக்கரைக் காகிதமோ, ஏதாவது ஒன்று.

இடம் கொடுத்த மண் இது. அரிசி கொடுத்தது, படிப்புக் கொடுத்தது, இப்போது தாழ்ப்பாள் உள்ள வீடும் கொடுத்திருக்கிறது. கொடுக்காமல் மிச்சம் வைத்திருப்பது அந்த ஒரு காகிதம்தான். அது டெல்லியில் இருக்கிறது.

அது வரும் வரையில், வீடு எவ்வளவு புதிதாக இருந்தாலும் முகாம் முகாம்தான்.